கைத்தட்டலும் கூலியும்

கூத்தாநல்லூர் என்று பெயரைச் சொன்னவுடன், "அங்கே கூத்தாடுகிறவர்கள் அதிகமோ?" என்று வெளியூர் நண்பர்கள் பரிகாசமாகக் கேட்பதுண்டு. மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் இடையே, நெல்வயல்களின் நடுவில் இருக்கும் எங்கள் ஊர் கூத்துக்குப் பேர் போனதன்று. கடல் கடப்பதற்குப் பேர் போனது. "சின்ன சிங்கப்பூர்" என்றே அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். சிங்கப்பூர், மலேயா என்று பாட்டனார் காலத்திலும், அரபு நாடுகள் என்று தகப்பனார் காலத்திலும் பிழைக்கப் போனவர்கள் இல்லாத வீடு இங்கே அபூர்வம். ஆகவே இங்கு நடக்கும் கல்யாணத்தில் ஒரு விசேஷம் உண்டு. மாப்பிள்ளை இருப்பார், பெண் இருப்பாள், ஆனால் யார் பார்த்து மகிழ வேண்டுமோ அந்த அண்ணனோ மாமனோ அக்கரையில் இருப்பார். அதனால், மாப்பிள்ளைக்கு அடுத்தபடி பந்தலில் முக்கியமான மனிதர் வீடியோக்காரர்தான் என்று சொல்லிவிடலாம்.

இந்த வீடியோக்காரர் தனி ஆள் என்று நேயர்கள் நினைத்துவிட வேண்டாம். அவருக்குப் பின்னால் ஒரு சிறு கூட்டமே இருக்கிறது. ட்ரோனைப் பறக்க விடுகிறவர் ஒருவர். படம் பிடித்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய், இரவெல்லாம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்க்கிற எடிட்டர் ஒருவர். ஆல்பத்துக்குப் பக்கம் பக்கமாக அலங்காரம் செய்கிறவர் ஒருவர். இவர்களேயன்றி, நகைக் கடைக்கு விளம்பரப் படம் செய்கிறவர், அதற்குக் குரல் கொடுக்கிறவர், குழந்தைகளுக்கான பொம்மைப் படங்கள் வரைந்து யூடியூபில் போடுகிறவர் என்று இருபது முப்பது வயதுப் பிள்ளைகள் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். என் வகுப்பில் கணக்குப் போடாமல் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் படம் போட்டுக்கொண்டிருந்தவர்களும் இவர்களுள் உண்டு. நான் இவர்களைக் கலைஞர்கள் என்றே கருதுகிறேன். கருவி மாறிவிட்டதனால் தொழிலின் ஜாதி மாறிவிடுமா?

இவர்களுக்குக் கூலி எப்படிக் கிடைக்கிறது என்பதைக் கேட்டால் மனம் சங்கடப்படும். பேச்சு எல்லாம் வாய்ப்பேச்சு. முன்பணம் என்று ஏதோ ஒரு தொகை, மிச்சத்துக்கு, "அதுக்கென்ன தம்பி, எங்கே போகப் போகிறோம்?" என்ற ஆறுதல். ஆல்பம் வந்த பிறகு, "இந்தப் பக்கத்தில் பெரியம்மாவைக் காணோமே!" என்று ஒரு குறை கண்டுபிடிக்கப்படும். பெரியம்மாவைச் சேர்ப்பதற்குத் தனிக் கூலி கிடையாது. பிள்ளை பெற்று, அதற்குப் பெயர் சூட்டும் விழாவுக்குக் கூப்பிடும்போது கல்யாண பாக்கியைத் தீர்த்த வீடுகளும் இருக்கின்றன. ஸ்டூடியோ வைத்திருப்பவருக்குப் பாக்கி நின்றால், அவரிடம் வெட்டி ஒட்டும் பையனுக்கும் பாக்கி நிற்கும். ஸ்டூடியோகாரர்களுக்காவது தமிழ் நாட்டில் பல ஊர்களில் சங்கம் உண்டு. அடையாள அட்டை உண்டு. ஆண்டு விழா உண்டு. ராக்கண் விழித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் அந்தப் பையனுக்கு ஒன்றும் இல்லை.

"இவர்களுக்கும் ஒரு சங்கம் வேண்டாமா?" என்று சில கனவான்களிடம் கேட்டுப் பார்த்தேன். "கலைக்கு எதற்கு ஐயா சங்கம்? மில் தொழிலாளிக்குச் சங்கம் வேண்டும், நியாயம். கலை என்பது தெய்வீகமாயிற்றே!" என்றார்கள். தஞ்சை ஜில்லாவில் இந்தப் பதிலைக் கேட்பது விந்தையன்று. தெய்வீகம் என்று சொல்லிச் சொல்லியே கலைஞர்களுக்கு அரை வயிற்றுக் கஞ்சி ஊற்றிப் பழகிய சீமை இது.

* * *

நாகஸ்வரக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலில் ஸ்வாமி புறப்பாட்டுக்கும், பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணத்துக்கும் அவர்கள் இல்லாமல் ஒன்றும் ஆகாது. ஆயினும் மேல் சட்டை போடக் கூடாது. அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். எத்தனை நாழிகையானாலும் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும். இந்த வழக்கத்தை உடைத்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. 1898-இல் பிறந்து 1956-இல் மறைந்த அந்த மேதை, சட்டையும் கோட்டும் அணிந்து, மேடை போட்டு உட்கார்ந்து வாசித்தார். அவருடைய தோடி ராகத்தைக் கேட்க வேண்டுமென்றால் அவருடைய நிபந்தனைக்கு உட்பட்டுத்தான் ஆக வேண்டும் என்று மிராசுதார்களும் ஒப்புக்கொண்டார்கள்.

இதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் ஒரு கேள்வி. ராஜரத்தினம் பிள்ளை தம் குழலின் பலத்தினால் உட்கார்ந்தார். அவர் பின்னால் ஒத்து ஊதிக்கொண்டிருந்தவர் எந்தப் பலத்தினால் உட்காருவது? தாளம் தட்டினவருக்கு யார் பேசுவது? ஒத்தை நிறுத்திவிட்டால் ராகமே நிலைக்காது. ஆயினும் ஒத்துக்காரருடைய பெயரை யாரும் கேட்டறிந்ததில்லை. மேதை ஒருவர் தமக்காகத் தாமே வாதாடி ஜெயித்துவிடலாம். மேதையல்லாத தொண்ணூற்றொன்பது பேருக்குச் சேர்ந்து நிற்பதைத் தவிர வேறு வழி கிடையாது. இன்று நம் ஊர்களில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இந்தக் காலத்து ஒத்துக்காரர்கள் என்பது என் அபிப்பிராயம்.

சேர்ந்து நின்றால் காரியம் நடக்கும் என்பதற்குத் திருவையாறே சாட்சி. ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகளின் சமாதிக்குத் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு ஆலயம் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அதே சந்நிதியில் பெண்கள் பாடக் கூடாது என்று பெரியவர்கள் தடுத்தார்கள். அந்த அம்மாள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. பெண்களைத் திரட்டித் தனிக் கட்சியாகவே ஆராதனை நடத்தினார். 1941-இல் கட்சிகளெல்லாம் ஒன்றாயின. பெண்கள் பாடும் உரிமையும் நிலைத்தது.

நாடகக் கம்பெனிகளின் கதை இன்னும் பரிதாபமானது. 1918-இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி. கே. ஷண்முகம் சேர்ந்தபோது அவர் பச்சைக் குழந்தை. அக்காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் பிள்ளைகளுக்குச் சோறும் பாடமும் உண்டு. பிரம்படியும் தாராளமாக உண்டு. குரல் உடைகிற வயது வந்ததும் நடுத்தெருவும் உண்டு. அந்தப் பிள்ளைகளுள் தப்பிப் பிழைத்து முன்னுக்கு வந்த டி. கே. எஸ். சகோதரர்கள்தாம், 1944-இல் ஈரோட்டில் நாடகக்காரர்களுக்கென்று ஒரு மாநாட்டைக் கூட்டினார்கள்.

* * *

ஸினிமாவுக்கு வருவோம். அங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். படம் எடுக்கும் முதலாளிகளின் வர்த்தக சபை சென்னையில் 1939-இலேயே ஏற்பட்டுவிட்டது. தீரர் ஸத்தியமூர்த்தியே அதற்குத் தலைமை வகித்தார். நடிகர்களின் சங்கமோ 1952-இல்தான் தோன்றியது. மூலதனம் போட்டவர்கள் ஒன்றுகூடிப் பதின்மூன்று வருஷங்களுக்குப் பிறகே முகத்தில் அரிதாரம் பூசினவர்கள் கூடினார்கள்! நம் ஊரில் ஸ்டூடியோகாரர்களுக்குச் சங்கம் இருந்து எடிட்டர் பையன்களுக்கு இல்லாதது, பழைய கதையின் புதுப் பதிப்புத்தான்.

இந்த இரண்டு முயற்சிகளிலும் முன்னின்றவர் நம் ஜில்லாக்காரர். பாபநாசத்தில் பிறந்து, வக்கீல் தொழிலை விட்டுவிட்டுப் படம் எடுக்கப் போன டைரக்டர் கே. சுப்ரமணியம்தான் அவர். 1939-இல் அவர் எடுத்த "தியாகபூமி"யை வெள்ளைக்காரச் சர்க்கார் தடை செய்தது நேயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். முதலாளியாகவும் இருந்து, தொழிலாளிக்கும் ஒரு சங்கம் வேண்டுமென்று உணர்ந்த மனிதர் அவர். அப்படிப்பட்டவர்கள் எக்காலத்திலும் அதிகம் கிடையாது.

நட்சத்திரங்களுக்கே பாதுகாப்பு இல்லாத தொழில் அது. மாயவரத்தில் பிறந்த தியாகராஜ பாகவதரின் "ஹரிதாஸ்" சென்னை பிராட்வே கொட்டகையில் 1944-ஆம் வருஷத்துத் தீபாவளியில் தொடங்கி மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதே பாகவதர் 1959-இல், ஐம்பது வயது கூட நிரம்பாமல், வறுமையில் காலமானார். பாகவதருக்கே இந்தக் கதியென்றால், அவர் முகத்தில் விழுந்த விளக்கைத் தூக்கிப் பிடித்தவன் கதி என்ன?

அந்த விளக்குக்காரனுக்காகவும், பின்னணியில் பிடில் வாசித்தவனுக்காகவும் பாடுபட்டவர்களில் இருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒருவர், வங்காளத்திலிருந்து சென்னைக்கு வந்த ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷ். மற்றவர், சங்கீத டைரக்டர் எம். பி. ஸ்ரீநிவாசன். இருவரும் சேர்ந்து 1960-இல் "பாதை தெரியுது பார்" என்ற படத்தைத் தந்தார்கள். அதைவிடப் பெரிய வேலை, தென்னிந்திய ஸினிமாத் தொழிலாளர்களுக்குச் சங்கங்களை அமைத்ததும், அவற்றை ஒரே சம்மேளனமாக்கியதும். வாத்தியம் வாசிப்பவருக்கு ஒரு கால்ஷீட்டுக்கு இவ்வளவு, நேரம் மிஞ்சினால் இவ்வளவு, பேட்டா இவ்வளவு என்று கணக்கு ஏற்பட்டதெல்லாம் இப்படிப்பட்டவர்கள் பட்ட பாட்டினால்தான். பாட்டு நன்றாயிருக்கிறது என்று நாம் தலையை ஆட்டுகிறோம். அந்தப் பிடில்காரர் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததற்குக் காரணம் நம் தலையாட்டல் அல்ல.

* * *

நம் பாஷையில் ஒரு குழப்பம் உண்டு. சபை, சங்கம், மன்றம், வாரியம் எல்லாவற்றையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறோம். சபை என்பது ரஸிகர்களுடையது. டிக்கெட் விற்றுக் கச்சேரி வைப்பது. இயல் இசை நாடக மன்றமும், 2007-இல் ஏற்பட்ட நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும் சர்க்காருடையவை. முதுமையிலும் நோயிலும் உதவி செய்வன. கரகம் ஆடிய கால் ஓய்ந்த பிறகு அந்த உதவி பெரியதுதான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் கால் ஓயாதிருக்கும்போதே நியாயமான கூலி கிடைத்திருந்தால் அந்த உதவியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை அன்றோ? அந்தக் கூலியைப் பேசுவதுதான் சங்கத்தின் வேலை. விழா எடுப்பதும் பொன்னாடை போர்த்துவதும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கூலியைப் பற்றி மட்டும் சொன்னால் போதாது. யந்திரம் என்று ஒன்று வந்திருக்கிறது. 1942-இல் அமெரிக்காவில் சங்கீதக்காரர்கள் ஒரு விசித்திரமான வேலை நிறுத்தம் செய்தார்கள். பெட்ரில்லோ என்பவர் அவர்கள் தலைவர். கிராமபோன் தட்டுக்காக இனி வாசிக்க மாட்டோம் என்றார்கள். ஒரு தடவை வாசித்துக் கூலி வாங்குகிறோம். அந்தத் தட்டை ரேடியோவில் ஆயிரம் தடவை போடுகிறீர்கள். அதனால் எங்களை நேரில் அழைப்பாரில்லை. எங்கள் குழலே எங்கள் வாயில் மண்ணைப் போடுகிறதே என்பது அவர்கள் வழக்கு. இரண்டு வருஷத்துக்கு மேல் நடந்த அந்தப் போராட்டத்தின் பயனாக, விற்கிற தட்டுகளிலிருந்து ஒரு பங்கு வேலையற்ற வாத்தியக்காரர்களின் நிதிக்குச் சேர்ந்தது.

நம் தேசத்தில் அந்த நியாயம் வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஸினிமாப் பாட்டை எழுதியவரும் மெட்டமைத்தவரும், கொட்டகைக்கு வெளியே அந்தப் பாட்டு ஒலிக்கும்போது கிடைக்கும் உரிமைத் தொகையில் பங்குக்கு உரியவர்கள். அதை வேண்டாமென்று முதலாளிக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்று ஏற்பட்டது. பசித்தவன் எதிலும் கையெழுத்துப் போடுவான் என்பதைச் சட்டம் செய்தவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். பாடுகிறவர்களுக்கும் உரிமை உண்டென்று அதே சட்டம் சொல்லவே, பாடகர்களும் அடுத்த வருஷத்தில் தங்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள்.

இப்போது வந்திருக்கும் யந்திரமோ கிராமபோனைக் காட்டிலும் பொல்லாதது. கிராமபோன், வாசித்ததைத் திரும்ப வாசித்தது. இது, வாசிக்காததையும் வாசிக்கிறது. 2024-இல் வந்த "லால் சலாம்" படத்தில், காலஞ்சென்ற பாடகர்களான ஷாகுல் ஹமீது, பம்பா பாக்கியா இருவர் குரலையும் செயற்கை அறிவின் உதவியால் எழுப்பி, ஏ. ஆர். ரஹ்மான் ஒரு பாட்டைப் பாட வைத்தார். இரு குடும்பத்தாரிடமும் சம்மதம் பெற்று, உரிய தொகையையும் கொடுத்ததாக அவர் தெரிவித்தார். நல்ல காரியம். ஆனால் இது ஒரு நல்ல மனிதரின் நல்ல காரியம். நல்ல மனிதர் கையில் அகப்படாத குரல்களின் கதி என்ன? நகைக் கடை விளம்பரத்துக்கு ஒரு தடவை குரல் கொடுத்து அற்பத் தொகை வாங்கிய பெண்ணின் குரலை யந்திரத்துக்குக் கற்பித்துவிட்டு, அடுத்த தீபாவளிக்கு அவளைக் கூப்பிடாமலே இருந்துவிடலாமே! அவள் வீட்டில் உட்கார்ந்து, தான் பேசாத பேச்சைத் தன் குரலிலேயே கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதானா?

2023-இல் அமெரிக்க ஸினிமா எழுத்தாளர்கள் 148 நாட்களும், நடிகர்கள் 118 நாட்களும் வேலை நிறுத்தம் செய்தது இதைக் குறித்துந்தான். சம்மதமும் கூலியும் இல்லாமல் ஒரு நடிகருடைய நகலைச் செய்யக் கூடாது என்று முதலாளிகளிடம் எழுதி வாங்கினார்கள். கோடீசுவர நட்சத்திரங்களுக்கு இது தேவைப்பட்டிராது. அவர்களுக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். கூட்டத்தில் ஒருவராக நின்றுவிட்டுப் போகிற உதிரி நடிகர்களுக்கே இது உயிர்.

* * *

சங்கம் என்றால் எல்லாம் நலமாகிவிடும் என்று சொல்ல நான் வரவில்லை. தியாகராய நகர் ஹபிபுல்லா சாலையில் இருக்கும் நடிகர் சங்கத்துக்கு 2019 ஜூன் மாதம் தேர்தல் நடந்தது. கோர்ட்டு வழக்குகளின் காரணமாக வோட்டுகளை எண்ணியது 2022 மார்ச்சு மாதம்! இடையில் ஒரு கொள்ளை நோய் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது; வோட்டுப் பெட்டி மட்டும் பூட்டியபடியே இருந்தது. சேர்க்கைக் கட்டணத்தை உயர்த்தி, புதிதாக வருகிறவனை வாசலிலேயே நிறுத்திவிடும் சங்கங்களும் உண்டு. உள்ளே இருப்பவர்களுக்குக் கோட்டையாயிருப்பது வெளியே இருப்பவனுக்குச் சுவராகிவிடுகிறது. இந்த வியாதிக்கு மருந்து, உறுப்பினர்கள் வரவு செலவுக் கணக்கைக் கேட்பதுதான். நம்மவர்களுக்குக் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவாகப் படுகிறது.

சட்டமும் இப்போது கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறது. 1981-ஆம் வருஷத்துச் சட்டம் கதைப் படத்தில் வேலை செய்கிறவர்களையே தொழிலாளர்களாகக் கண்டது. 2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21-ஆம் தேதி அமுலுக்கு வந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமோ, விளம்பரப் படம், பொம்மைப் படம், இணையத் தொடர், டிஜிட்டல் தயாரிப்பு இவற்றில் வேலை செய்கிறவர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் அவர்களை வேலைக்கு வைக்கலாகாது என்றும் சொல்கிறது. பட்டணத்துக் கம்பெனிகளை இது கட்டுப்படுத்தலாம். எங்கள் ஊர்ப் பையனோ, சம்பளத்துக்கு வைத்த ஆள் என்றும் சொல்ல முடியாமல், சொந்தத் தொழில் செய்பவன் என்றும் சொல்ல முடியாமல், இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவன். அவனிடம் அந்தச் சட்டம் தானாக நடந்து வரப்போவதில்லை. ஆனால் எழுத்து மூலமான ஒப்பந்தம் என்ற அந்த ஒரு யோசனையைக் கடன் வாங்கிக்கொள்ள யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

அரைத் தாள் போதும். எத்தனை நாள் வேலை, எவ்வளவு தொகை, முன்பணம் எவ்வளவு, மிச்சம் எந்தத் தேதியில், திருத்தம் எத்தனை தடவை, எடுத்த படத்தையும் கொடுத்த குரலையும் வேறு எதற்கெல்லாம் உபயோகிக்கலாம், எதற்குக் கூடாது – இவ்வளவுதான். இதைத் தனி ஆளாக ஒரு பையன் நீட்டினால், "அட, நம்மிடமே பத்திரம் எழுதுகிறாயா?" என்று வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார். அவர் பயந்து போய் மடித்துப் பையில் வைத்துக்கொள்வான். ஊரிலுள்ள எல்லாப் பையன்களும் ஒரே மாதிரித் தாளை நீட்டினால் கோபத்துக்கு இடமில்லை. தாளின் தலைப்பில் ஒரு சங்கத்தின் பெயர் இருக்க வேண்டும் என்பது அதற்காகத்தான். 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துகொள்ளலாம்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கும் குடும்பங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நாமெல்லாரும் ரஸிகர்கள் மட்டுமல்ல. கல்யாணம் வைக்கும்போது நாமே முதலாளிகள். சமையற்காரருக்கும் பந்தல்காரருக்கும் கணக்குத் தீர்த்தபிறகே சம்பந்திகளை வழியனுப்புகிறோம். வீடியோக்காரருக்கு மட்டும் ஏன் அடுத்த விசேஷம் வரையில் தவணை? அந்தத் தாளை நீட்டினால் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். பெரியம்மா படம் விட்டுப் போயிருந்தால் சேர்க்கச் சொல்லுங்கள்; சேர்த்ததற்குக் கூலி கொடுங்கள்.

சென்ற மாதம் எங்கள் ஊர்ப் பையன்கள் சிலர் ஓர் ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். வாத்தியார் என்ற முறையில் நடவடிக்கைக் குறிப்பு எழுத என்னைக் கூப்பிட்டார்கள். சங்கத்துக்குப் பெயர் வைப்பதில் ஒரு மணி நேரம் போயிற்று. ரேட்டு விஷயத்துக்கு வந்ததும், ட்ரோன் வைத்திருப்பவருக்கும் ஆல்பம் செய்கிறவருக்கும், யாருடைய உழைப்பு அதிகம் என்பதில் பலமான வாக்குவாதம் மூண்டது. டீ வந்ததால் சற்று ஓய்ந்தது. குரல் கொடுக்கும் பெண்களையும் அடுத்த கூட்டத்துக்கு அழைக்க வேண்டுமென்று ஒருவர் சொன்னதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. நோன்புப் பெருநாளுக்குப் பிறகு மறுபடியும் கூடுவதென்று தீர்மானம் எழுதினேன். ஒன்பது பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.